தீர்ப்பு உங்கள் கையில், சம்பளம் அவர் பையில்: நீதிமன்றக் கடனை மாதச் சம்பளத்திலிருந்து பெறும் வழி

மலேசியாவில் குளுவாங்கைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிராணி (அலுவலக எழுத்தர்) வேலை பார்த்தவன் நான். சம்பளம் போடும் வாரத்தில் அலுவலகச் சன்னலுக்கு வெளியே யாராவது ஒருவர் முத்திரை வைத்த நீதிமன்றத் தாளோடு வந்து நிற்பது வழக்கம். "வழக்கில் ஜெயித்துவிட்டேன் ஐயா. இனி அவர் சம்பளத்தில் மாதம் இருநூறு வெள்ளி (ரிங்கிட்) பிடித்து என்னிடம் கொடுத்துவிடுங்கள்" என்பார்கள். முடியாது என்று சொல்லி அனுப்புவேன். நானும் கடன்காரனுக்கு உடந்தை என்று ஏசிவிட்டுப் போனவர்கள் உண்டு.

உடந்தை அல்ல, சட்டம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, அந்தச் சட்டம் அனுமதிக்கும் பிடித்தங்களைத் தவிர வேறு எதையும் முதலாளி சம்பளத்திலிருந்து வெட்டக்கூடாது என்கிறது. தொழிற்சங்கச் சந்தா, கூட்டுறவுச் சங்கக் கடன் போன்றவை சம்பளச் சீட்டில் வருகின்றனவே என்று கேட்பீர்கள். அவை தொழிலாளி எழுத்து மூலம் கேட்டதால் வருபவை. வெளியார் ஒருவருக்குக் கட்டுவதற்காகப் பிடிக்க வேண்டுமானால் தொழிலாளியின் எழுத்துக் கோரிக்கையோடு தொழிலாளர் இலாகா தலைமை இயக்குநரின் முன்அனுமதியும் வேண்டும். உங்கள் தீர்ப்பில் கட்டச் சொல்லியிருப்பது கடனாளியை. தோட்டத்தின் பெயர் அதில் எங்கும் இல்லை. அதனால் தோட்டக் கிராணி அதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது.

இந்தக் குழப்பத்துக்கு இணையமும் ஒரு காரணம். தேடினால் முதலில் வருவது அமெரிக்கக் கதை. அங்கே 1968ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம் ஒன்று, சாதாரணக் கடனுக்காகச் சம்பளத்தில் எவ்வளவு பிடிக்கலாம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது: சட்டப்படியான கழிவுகள் போக மீதியில் 25 விழுக்காடு, அல்லது வாரச் சம்பளம் குறைந்தபட்ச மணிக்கூலியின் 30 மடங்கைத் தாண்டும் தொகை, இரண்டில் எது குறைவோ அது. உத்தரவு முதலாளிக்கே போகும், கடன் தீரும்வரை வெட்டிக்கொண்டே இருப்பார்கள். மலேசியாவில் கைமாற்றுக்கும் கடைக் கடனுக்கும் அப்படி ஒரு தொடர் பிடித்தம் கிடையாது. இங்கே சம்பளத்தைத் தொடும் வழி சற்றுச் சுற்று வழி. கடனாளியை நீதிமன்றத்துக்கு வரவழைத்து, சம்பளக் கணக்கைச் சொல்ல வைத்து, அதிலிருந்து அவரே மாதாமாதம் கட்டும்படி உத்தரவு வாங்க வேண்டும். சுற்று வழிதான், ஆனால் போய்ச் சேரும் வழி.

தீர்ப்பே இன்னும் வாங்காதவர்களுக்கு

கடன் 5,000 ரிங்கிட்டுக்குள் இருந்தால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்குப் போடலாம். மலாயில் துந்துத்தான் கெச்சில். 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளில் 93ஆம் ஆணை இதற்கானது. வாதி தனிமனிதராக இருக்க வேண்டும், கம்பெனி போட முடியாது, வழக்கறிஞர் வந்து வாதாடவும் முடியாது. 198ஆம் எண் பாரத்தை (படிவத்தை) பூர்த்தி செய்து கொடுக்க வேண்டும். எதிராளிக்குப் பாரம் கிடைத்ததிலிருந்து 14 நாட்களுக்குள் அவர் 199ஆம் பாரத்தில் தம் பதிலைச் சொல்ல வேண்டும். தொகை அதைவிடப் பெரிது என்றால் 100,000 ரிங்கிட் வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம், அதற்குமேல் பத்து லட்சம் வரை செஷன்ஸ் நீதிமன்றம். அங்கே வழக்கறிஞர் இருப்பது நல்லது. எல்லாத் தாள்களும் மலாயில் எழுதப்பட வேண்டும். பேசும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஊர்களுக்கென்றே இரண்டு எச்சரிக்கைகள். கூட்டுப் பணம் (சீட்டு) பிடித்து ஏமாந்தவர்கள் பலர் என்னிடம் வருகிறார்கள். 1971ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டு நடத்துவதையே தடை செய்திருக்கிறது. சீட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றம் போனால் தலைவலியைத் தேடிக்கொள்வது நீங்கள்தான். இரண்டாவது, வட்டிக்கு விட்ட பணம். உரிமம் இல்லாமல் வட்டிக்குக் கொடுத்த கடனை, 1951ஆம் ஆண்டு வட்டிக்கடைக்காரர் சட்டப்படி நீதிமன்றம் வசூலித்துத் தராது. "நூற்றுக்குப் பத்து வெள்ளி" என்று உங்கள் கையெழுத்திலேயே எழுதிய துண்டுச் சீட்டு உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். வட்டியில்லாத கைமாற்று, விற்ற பொருளின் விலை, செய்த வேலைக்கான கூலி, திருப்பித் தராத முன்பணம் போன்றவற்றுக்கு இந்தத் தடை இல்லை.

அழைப்பாணைக்கு முன் ஒரு வாரம் துப்பறியுங்கள்

தீர்ப்பு வந்ததும் பலர் உடனே அடுத்த மனுவுக்கு ஓடுகிறார்கள். நான் ஒரு வாரம் பொறுக்கச் சொல்வேன். அவர் இப்போது எங்கே வேலை செய்கிறார்? தோட்டத்தின் நேரடித் தொழிலாளியா, குத்தகைக்காரரிடம் இருக்கிறாரா? தினக்கூலியா, பழம் வெட்டும் டன் கணக்கா, மில்லில் ஷிப்டு வேலையா? எந்த லயனில் (தோட்ட வீட்டு வரிசையில்), எந்த வீட்டில் இருக்கிறார்? ஓய்வு நாள் எது? மோட்டார் சைக்கிள் தவணை முடிந்துவிட்டதா? சம்பளம் எந்த வங்கியில் விழுகிறது?

இவற்றைத் தெரிந்துகொள்ள யாரையும் மிரட்ட வேண்டாம், தோட்ட அலுவலகத்துக்கும் வர வேண்டாம், கிராணி சொல்ல மாட்டார். அவர் முன்பு உங்களுக்குக் கொடுத்த காசோலையிலோ வங்கிப் பரிமாற்றச் சீட்டிலோ வங்கிப் பெயர் இருக்கும். மற்றதைக் கோயில் திருவிழாவில் பத்து நிமிடம் நின்றால் ஊரே சொல்லிவிடும். அவருடைய அடையாளக் கார்டுப் படத்தைக் கைப்பேசிக் குழுக்களில் பரப்புவது, ஆள் வைத்து வாசலில் சத்தம் போடுவது எல்லாம் உங்கள் நல்ல வழக்கைக் கெடுக்கும்.

தீர்ப்புக் கடனாளி அழைப்பாணை

கடனாளியை நீதிமன்றத்துக்கு வரவழைக்கும் தாள் இதுதான். மலாயில் இதன் பெயர் சமான் பெங்ஹுத்தாங் பெங்ஹாகிமான். 1957ஆம் ஆண்டு கடனாளிகள் சட்டமும், நீதிமன்ற விதிகளின் 74ஆம் ஆணையும் இதற்கு அடிப்படை. தீர்ப்புச் சொன்ன நீதிமன்றப் பதிவகத்திலேயே இதைக் கேட்கலாம். முத்திரையிட்ட தீர்ப்பின் நகல், இதுவரை எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி என்று சொல்லும் சத்தியக் கடிதம் ஆகியவை வேண்டும். சத்தியக் கடிதத்தைப் பெசுருஹ்ஜாயா சும்பா எனப்படும் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். நீதிமன்றக் கட்டடத்தின் பக்கத்துக் கடைவரிசையில் அவர்களுடைய பலகை தொங்கும்.

சிறு கோரிக்கையில் வாங்கிய தீர்ப்பு என்றால் 93ஆம் ஆணைக்குள்ளேயே இன்னும் எளிய வாசல் ஒன்று இருக்கிறது: காரணம் காட்டும் அறிவிப்பு. அதன் விசாரணையில் நீதிமன்றம் அவகாசம் தரலாம், தவணை வைக்கலாம், பொருள்களை ஜப்தி செய்யவும் உத்தரவிடலாம். பதிவகத்தில் முதலில் இதைக் கேட்டுப் பாருங்கள்.

பலருடைய முயற்சி விழுவது அழைப்பாணையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடத்தில். அது கடனாளியின் கையில் நேராகக் கிடைக்க வேண்டும். மனைவியிடமோ கங்காணியிடமோ கொடுத்துவிட்டு வந்தால் செல்லாது. பழம் வெட்டுபவர் விடியுமுன் காட்டுக்குள் போய்விடுவார், மதியம் திரும்புவார், பிறகு தூங்குவார். காலை பத்து மணிக்குப் போய்க் கதவைத் தட்டிவிட்டு, "ஆளே இல்லை" என்று எழுதிக்கொண்டு வருவதில் பயன் இல்லை. பிற்பகல் மூன்றுக்கு மேல் அல்லது ஓய்வு நாளில் போகச் சொல்லுங்கள். பல முறை போயும் ஒளிந்துகொள்கிறார் என்றால், 62ஆம் ஆணைப்படி மாற்று முறையில் சேர்ப்பிக்க நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கலாம்: வீட்டுக் கதவில் ஒட்டுவது, பத்திரிகையில் விளம்பரம் போடுவது போல. போன தேதியையும் நேரத்தையும் ஒவ்வொரு முறையும் குறித்து வையுங்கள், அந்த மனுவுக்கு அதுதான் ஆதாரம். முறையாகச் சேர்ப்பித்தும் அவர் நீதிமன்றம் வரவில்லை என்றால் கைது ஆணை பிறப்பிக்க இடமுண்டு.

விசாரணை நாளில்

இந்த நாள்தான் எல்லாம். தீர்ப்பு சரியா தவறா என்ற பேச்சு இங்கே எடுபடாது, அது முடிந்த கதை. கேள்வி ஒன்றுதான்: மாதம் எவ்வளவு கட்ட முடியும்?

ஒரு கணக்கு போடுவோம். கல்யாணச் சமையல் செய்யும் அக்கா ஒருவருக்கு 4,800 ரிங்கிட் தீர்ப்பாகியிருக்கிறது. கடனாளி செம்பனை மில்லில் குறைந்தபட்சச் சம்பளத்தில் இருப்பவர். 2025ஆம் ஆண்டு முதல் அது 1,700 ரிங்கிட். சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 ரிங்கிட் போனால் 1,513 நிற்கும். சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) போன்ற சிறு கழிவுகளும் போகக் கையில் வருவது ஏறக்குறைய 1,500. வீட்டுச் செலவு, பள்ளிப் பிள்ளைகள், மோட்டார் தவணை எல்லாம் அதிலிருந்துதான். அக்கா மாதம் 600 கேட்டால் மாஜிஸ்திரேட் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். 50 என்று கடனாளி சொல்வதை ஏற்றால் 96 மாதம், எட்டு ஆண்டு. 150 என்றால் அசல் 32 மாதத்தில் தீரும்.

வட்டியையும் மறக்க வேண்டாம். தீர்ப்புக் கடனுக்கு 2012 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டி. 4,800க்கு ஆண்டில் 240, மாதத்தில் 20. அவர் 50 கட்டும்போது தொடக்கத்தில் அதில் 20 வட்டிக்கே சமம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

அடுத்து, சம்பளச் சீட்டு. கடனாளி எப்போதும் மெலிந்த மாதத்துச் சீட்டைத்தான் கொண்டு வருவார். பழம் வெட்டுபவரின் வருமானம் டன் கணக்கில் ஏறி இறங்கும். மழைக்காலத்தில் இளைக்கும், குலை மிகுந்த மாதங்களில் கொழுக்கும். ஆகவே ஒரு மாதச் சீட்டை ஏற்காதீர்கள். ஆறு மாதச் சீட்டுகளைக் கொண்டுவர உத்தரவிடும்படி கேளுங்கள். சீட்டு தருவது முதலாளியின் கடமை, "எங்களுக்குத் தருவதில்லை" என்ற பதிலை அப்படியே விழுங்க வேண்டாம். பிறகு கேட்க வேண்டியவை: மேலதிக நேரம், தீபாவளி போனஸ், உதிரிப் பழம் பொறுக்கும் மனைவியின் வருமானம், பக்கத் தொழில், யூனிட் டிரஸ்ட், அடகுக் கடை ரசீது. ரசீது இருந்தால் நகை இருக்கிறது என்று பொருள். சம்பளச் சீட்டில் ஏற்கெனவே இருக்கும் கூட்டுறவுக் கடன் எந்த மாதம் முடிகிறது என்றும் கேளுங்கள். அது முடிந்த மாதத்திலிருந்து தவணையை உயர்த்தும்படி கோரலாம். இதை நினைப்பவர்கள் குறைவு, ஆனால் பெரிய வித்தியாசம் செய்வது இதுதான்.

தவணைத் தேதி. முதல் தேதி என்று எழுதிவிடுவது வழக்கம். அது பிழை. சம்பள காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் கூலி கொடுத்தால் போதும் என்பதே சட்டம். முதல் தேதியில் தவணை வைத்தால் கடனாளிக்குச் சாக்குப்போக்கைத் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி. எட்டிலிருந்து பத்துக்குள் வையுங்கள். சம்பளம் வந்து, அது கரைவதற்கு முன். உங்கள் வங்கிக் கணக்கிலேயே நேராகப் போடச் சொல்லுங்கள். கையில் ரொக்கமாக வாங்கினால் எவ்வளவு வந்தது என்பதில் பிறகு ஒரு வழக்கு முளைக்கும்.

தவணை தவறினால்

ஒரு மாதம் பொறுங்கள். இரண்டாம் மாதமும் இல்லை என்றால் நீதிமன்றத்தைத் திரும்ப அணுகி, அவர் ஏன் கட்டவில்லை என்று காரணம் காட்ட அழைக்கும்படி கேளுங்கள். கட்டும் வசதி இருந்தும் வேண்டுமென்றே கட்டாதவரைச் சிறைக்கு அனுப்பக் கடனாளிகள் சட்டம் இடம் தருகிறது. வசதியே இல்லாதவருக்கு அல்ல. ஆகவே, அவர் கட்டாத அந்த இரண்டு மாதத்தில் புது டெலிவிஷன் வாங்கினார், குலை மிகுந்து சம்பளம் கூடியது என்பது போன்ற விவரம் உங்களிடம் இருக்க வேண்டும். நான் பார்த்தவரை, சிறைவாசல்வரை போகுமுன் தம்பியோ மைத்துனரோ பணத்தைப் புரட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

வங்கிக் கணக்கில் கை வைப்பது

49ஆம் ஆணைப்படி கார்னிஷி என்ற நடவடிக்கை இருக்கிறது. உங்கள் கடனாளிக்குப் பணம் தர வேண்டிய மூன்றாம் ஆள் ஒருவர் இருந்தால், அந்தப் பணத்தை உங்களுக்குத் தரும்படி நீதிமன்றம் அவருக்கு உத்தரவிடலாம். முதலில் தற்காலிக உத்தரவு. அது போய்ச் சேர்ந்த கணத்தில் பணம் அவர் கையிலேயே கட்டுண்டுவிடும். பிறகு விசாரணை, அதன்பின் இறுதி உத்தரவு.

அப்படியானால் தோட்டத்தையே மூன்றாம் ஆளாக்கிச் சம்பளத்தைப் பிடிக்கலாமே என்ற கேள்வி வரும். இந்த உத்தரவு பிடிப்பது ஏற்கெனவே கடனாகிவிட்ட பணத்தை மட்டும். அடுத்த மாதம் வெட்டப்போகும் குலைக்கான கூலி இன்றைக்கு யாருக்கும் கடன் அல்ல, அவர் இன்னும் அரிவாளையே தூக்கவில்லை. அதனால் வருங்காலச் சம்பளம் இதில் சிக்காது. சம்பளம் வங்கியில் விழுந்த பிறகு, அது வங்கி அவருக்குத் தர வேண்டிய கடனாகிறது. அங்கே உத்தரவு பாயும்.

காகிதத்தில் அழகாக இருக்கிறது. நடைமுறையில், 1,500 ரிங்கிட் கணக்கில் விழுந்த அன்றே ஏடிஎம் வாசலில் வரிசை நிற்கும் ஊர் நம்முடையது. உத்தரவு வங்கிக்குப் போய்ச் சேரும் நாளில் அங்கே பதினேழு ரிங்கிட் இருக்கும். மனுவுக்கும் வழக்கறிஞருக்கும் ஆகும் செலவு அதைப் போல் பல மடங்கு. கடனாளி ஒரு கடைக்காரர், குத்தகைக்காரர், கணக்கில் பெரும்பணம் புழங்குபவர் என்றால் இது நல்ல ஆயுதம். மாதச் சம்பளக்காரருக்கு வேண்டாம் என்பேன். அந்தப் பணம் சிக்கினாலும் ஒரு வீட்டில் அந்த மாதம் அரிசி இருக்காது, அடுத்த மாதம் அவர் வேலையை விட்டு வேறு தோட்டம் போய்விடுவார், நீங்கள் முதலிலிருந்து தேட வேண்டும்.

ஜப்திக்கும் இதே நிலைமைதான். ரிட் பெனித்தாஆன் டான் பெஞ்சுவாலான் எனப்படும் ஜப்தி ஆணை எடுத்தால், அதை நிறைவேற்றும் நீதிமன்ற ஊழியரான பெய்லிஃப் வருவார், செலவுக்கு முன்பணம் நீங்கள் கட்ட வேண்டும். வாடகைக் கொள்முதலில் ஓடும் மோட்டார் சைக்கிள் வங்கியின் சொத்து. லயன் வீடு தோட்டத்துடையது.

ஜீவனாம்சம் என்றால் கதையே வேறு

சன்னலுக்கு வெளியே நின்றவர்களில் ஒரு சாராரை நான் திருப்பி அனுப்பியதில்லை, சரியான தாளோடு வந்திருந்தால். கணவன் விட்டுவிட்டுப் போன பெண்கள் அவர்கள். மனைவி மக்களுக்கான ஜீவனாம்ச உத்தரவுக்கு மட்டும், முதலாளியிடமே சம்பளத்தைப் பிடிக்கும் உத்தரவு இந்த நாட்டில் இருக்கிறது. 1968ஆம் ஆண்டின் மணமான பெண்கள், பிள்ளைகள் ஜீவனாம்ச அமலாக்கச் சட்டம், 356ஆம் எண் சட்டம், அதற்கு வழி செய்கிறது. நீதிமன்றம் முதலாளியின் பெயரிலேயே உத்தரவு போடும். அது கைக்கு வந்த பிறகு ஒவ்வொரு சம்பளத்திலும் அந்தத் தொகையைப் பிடித்து அனுப்புவது முதலாளியின் கடமை. தொழிலாளியின் சம்மதம் தேவையில்லை, மானேஜரின் தயவும் தேவையில்லை.

ஜீவனாம்ச உத்தரவு கையில் இருந்தும், மாதம் 300 வெள்ளிக்காக முன்னாள் கணவரின் லயன் வாசலில் பிள்ளையோடு காத்திருக்கும் பெண்களை இன்றும் பார்க்கிறேன். அவர்களில் பலருக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. உத்தரவு தந்த நீதிமன்றத்தில் சம்பளப் பற்று உத்தரவு கேட்டு மனுப் போடுங்கள். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையென்றால் ஜாபாத்தான் பந்துவான் குவாமான் என்ற அரசாங்கச் சட்ட உதவித் துறையிடம் போங்கள். மனுவில் தோட்டத்தின் அல்லது கம்பெனியின் முழுப் பதிவுப் பெயரும் முகவரியும் சரியாக இருக்க வேண்டும். கணவர் குத்தகைக்காரரிடம் வேலை செய்தால் குத்தகைக்காரரின் பெயர்தான் வர வேண்டும். எந்தத் தோட்டத்தில் வெட்டுகிறார் என்பது இங்கே முக்கியமல்ல, கூலி போடுவது யார் என்பதே முக்கியம். பெயர் மாறியதால் உத்தரவு திரும்பிப் போய், மாதங்கள் வீணானதை நானே பார்த்திருக்கிறேன். அவர் வேலை மாறினால் புதிய முதலாளி விவரத்தோடு நீதிமன்றத்துக்குத் திரும்ப வேண்டும். முஸ்லிம்களுக்கு இந்த விஷயம் ஷரியா நீதிமன்றத்தில்.

தொட முடியாதவை

சேமநிதிப் பணத்தைக் கடன் கொடுத்தவர் யாரும் பற்ற முடியாது, 1991ஆம் ஆண்டு சேமநிதிச் சட்டத்தின் 51ஆம் பிரிவு தடுக்கிறது. "கேடபிள்யூஎஸ்பியை (சேமநிதியை) எடுத்துக் கொடு" என்று மிரட்டுவது வெற்றுப் பேச்சு. திவாலாக்குவேன் என்பதும் பெரும்பாலும் அப்படியே. திவால் மனுவுக்குக் கடன் குறைந்தது 100,000 ரிங்கிட் இருக்க வேண்டும்.

அழைப்பாணை உங்கள் பெயருக்கே வந்திருந்தால்

ஒளியாதீர்கள். வராதவருக்குக் கைது ஆணை, வந்தவருக்குத் தவணை. ஆறு மாதச் சம்பளச் சீட்டு, வாடகை, மின்சார பில், பிள்ளைகளின் செலவுக் கணக்கு ஆகியவற்றோடு போய், முடிந்த தொகையைச் சொல்லுங்கள். முடியாததை வீறாப்பில் ஒப்புக்கொண்டு மூன்றாம் மாதம் விழுவதுதான் பெரிய ஆபத்து. யாரோ ஒரு தாளைக் காட்டினார் என்று அலுவலகம் உங்கள் சம்பளத்தில் கை வைத்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம். ஒரு மாதப் பிடித்தங்களின் மொத்தம் பொதுவாகச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்பதும் அதே 24ஆம் பிரிவில் இருக்கிறது.

நாட்காட்டியில் குறிக்க வேண்டியவை

தீர்ப்புத் தேதியிலிருந்து ஆறு ஆண்டுக்குள் ஜப்தி போன்ற நடவடிக்கையைத் தொடங்காவிட்டால், பிறகு நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டு கடந்தால் தீர்ப்பே காலாவதி. பாக்கி வட்டிக்கு ஆறு ஆண்டு வரம்பு.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, வந்த தொகை, மீதி என்று மூன்று பத்தி போட்டு எழுதி வாருங்கள். கடைசித் தவணை வந்த அன்று, முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன் என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்திட்டு அவரிடம் கொடுத்துவிடுங்கள். ஒரு நகலை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.